கையால் சுற்றும் ஒலி மின்மாற்றி: அடுக்கிலும் உறையிலும் உள்ள கணக்கு

மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் பல ஆண்டுகள் இருந்தவருக்கு மின்மாற்றி ஒன்றைச் சுற்றுவது பெரிய வேலையன்று. இரும்பு உள்ளகத்தின் பரப்பை அளந்து, ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று என்று கணக்கிட்டு, கேஜ் (கம்பியின் தடிமன் எண்) பார்த்துக் கம்பியைத் தேர்ந்து, பாபினில் சுற்றி முடித்துவிடுவார். அதே கையால், அதே கவனத்தோடு வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பிளிஃபயர் ஒன்றுக்கான வெளியீட்டு மின்மாற்றியை அவர் சுற்றித் தந்தால், அதுவும் வேலை செய்யும். பேச்சும் பாட்டும் கேட்கும். ஆனால் தவிலின் தொப்பிப் பக்கம் மெலிந்தும், ஜால்ராவின் ஓசை மழுங்கியும் வர வாய்ப்பு மிகுதி. குறை அவர் கையில் இல்லை. வீட்டு மின்சாரத்துக்கான மின்மாற்றி 50 ஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் உழைக்கிறது. ஒலி மின்மாற்றியோ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஆயிரம் மடங்கு விரிந்த ஒரு பரப்பில், எந்த அதிர்வெண்ணையும் கூட்டாமலும் குறைக்காமலும் கடத்த வேண்டியிருக்கிறது. அந்த வேறுபாடு சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றுவதில்லை. எந்தச் சுற்றுக்குப் பக்கத்தில் எந்தச் சுற்று இருக்க வேண்டும் என்பதையே முதன்மையான கேள்வியாக்கிவிடுகிறது. வெளிப்புலங்களைத் தடுக்கும் காப்புறையும் இதே கேள்வியின் தொடர்ச்சிதான் என்பது என் கருத்து. வேலை முடிந்த பிறகு மேலே கவிழ்க்கும் டப்பாவாக அதைக் கருதுவோர் இரைச்சலோடு போராடிக்கொண்டே இருக்க நேர்கிறது.

முதலில் இந்த மின்மாற்றி ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்க்கலாம். வால்வு அதிக மின்னழுத்தத்தில் குறைந்த மின்னோட்டத்தைத் தரும். ஒலிபெருக்கி குறைந்த மின்னழுத்தத்தில் அதிக மின்னோட்டத்தைக் கேட்கும். இஎல்84 வால்வுகள் இரண்டைப் புஷ்-புல் முறையில் (ஒன்று தள்ள மற்றது இழுக்கும்படி) இணைத்தால், அவை தம் இரு அனோடுகளுக்கிடையே (வெளியீட்டு முனைகளுக்கிடையே) ஏறத்தாழ 8,000 ஓம் சுமையை எதிர்பார்க்கின்றன. நம்மிடம் இருப்பது 8 ஓம் ஒலிபெருக்கி. மின்மாற்றியின் இரு பக்கங்களிலும் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) சுற்று விகிதத்தின் இருமடியாக மாறுவதால், ஆயிரத்துக்கு ஒன்று என்ற இந்த உறவைப் பெற 31.6-க்கு 1 என்ற சுற்று விகிதம் போதும். வால்வோடு இணையும் முதன்மைச் சுருளில் 2,400 சுற்று என்றால் ஒலிபெருக்கியோடு இணையும் துணைச் சுருளில் 76 சுற்று. இவ்வளவில் கணக்கு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. 2,400 என்ற எண் எங்கிருந்து வந்தது, அந்த 2,400 சுற்றையும் எப்படி அடுக்குவது என்பவையே மெய்யான சிக்கல்கள்.

கீழ் அதிர்வெண்களிலிருந்து தொடங்குவோம். 10 வாட் திறனை 8,000 ஓம் சுமைக்குத் தர முதன்மைச் சுருளின் குறுக்கே 283 வோல்ட் நிற்க வேண்டும். 32 மில்லிமீட்டர் அகல நடுத்தண்டும் அதே அளவு தகடடுக்கும் கொண்ட உள்ளகத்தை எடுத்துக்கொண்டால், தகடுகளுக்கிடையே உள்ள பூச்சைக் கழித்து இரும்பின் பரப்பு 9.7 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு வரும். பட்டறைக்காரர் அறிந்த அதே 4.44 சூத்திரத்தில் (மின்னழுத்தம் = 4.44 × அதிர்வெண் × சுற்று × பரப்பு × காந்தப்பாய அடர்த்தி) 30 ஹெர்ட்ஸையும் 2,400 சுற்றையும் இட்டால் காந்தப்பாய அடர்த்தி 0.9 டெஸ்லாவை ஒட்டி நிற்கிறது. சிலிக்கான் எஃகு ஏறத்தாழ 2 டெஸ்லாவில் தெவிட்டும் (அதற்கு மேல் காந்தமாக மறுக்கும்) என்றாலும், ஒலிக்கு அந்த எல்லையை நெருங்க விடக் கூடாது. ஒரு டெஸ்லாவுக்குள் நிறுத்துவது நல்லது. அதிர்வெண் பாதியானால் அடர்த்தி இரட்டிக்கும் என்பதால், இதே முழுத் திறனை 15 ஹெர்ட்ஸில் கேட்டால் உள்ளகம் 1.8 டெஸ்லாவைத் தொட்டு, அலையின் முடிகள் நசுங்கத் தொடங்கும்.

இது உரத்த ஒலிக்கான எல்லை. மெல்லிய ஒலிக்கு வேறொரு எல்லை இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். முதன்மைச் சுருளின் தன்மின்தூண்டல் எண் (மின்னோட்ட மாற்றத்தை அது எதிர்க்கும் அளவு) சுமைக்கு இணையாக நிற்கும் ஒரு வடிகால். அதிர்வெண் குறையக் குறைய சமிக்ஞை சுமையை விட்டு அதன் வழியே வடிந்துபோகும். தன்மின்தூண்டல் இரும்பின் உட்புகுதிறனை, அதாவது காந்தப்பாயத்துக்கு அது வழிவிடும் தன்மையைப் பொறுத்தது. அந்த உட்புகுதிறனோ மிகச் சிறிய சமிக்ஞையில் குறைவாகவும், சமிக்ஞை வளர வளர உயர்ந்தும், தெவிட்டு நிலைக்கு அருகில் மீண்டும் சரிந்தும் செல்கிறது. மேற்சொன்ன உள்ளகத்தில் ஒப்பு உட்புகுதிறனை 1,000 என்று அடக்கமாகவே வைத்தால் 2,400 சுற்றுக்கு ஏறத்தாழ 36 ஹென்றி கிடைக்கிறது. இஎல்84 போன்ற பென்டோடு (ஐந்து மின்முனை) வால்வின் உள்தடை மிக அதிகம் என்பதால், பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பித் திருத்துவது) இல்லாத நிலையில் இந்த 36 ஹென்றி 35 ஹெர்ட்ஸிலேயே மூன்று டெசிபல் இழப்பைத் (திறன் பாதியாகும் அளவு) தந்துவிடும். அதே வால்வுகளை டிரையோடாக (மூன்று மின்முனை வால்வாக) இணைத்து மூலத்தடையை, அதாவது அந்த உள்தடையை, 4,000 ஓம் அளவுக்குக் கொண்டுவந்தால் அந்த எல்லை 12 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. திறன் ஏறத்தாழப் பாதியாகும். ஆனால் மின்மாற்றியின் மேல் விழும் பாரமும் குறைகிறது. டிரையோடு ஆம்பிளிஃபயர்களின் ஒலி இனிமை பற்றி எழுதப்பட்டவற்றில் ஒரு பகுதியையாவது வால்வுக்கு அன்றி, எளிமையான வேலை வாய்த்த மின்மாற்றிக்குச் சேர்க்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தன்மின்தூண்டல் போதவில்லை என்றால் சுற்றுகளைக் கூட்டிவிடலாமே என்ற எண்ணம் உடனே எழும். அது சுற்று எண்ணிக்கையின் இருமடியாக வளர்வதால், இது மலிவான வழியாகவும் தெரியும். ஆனால் மேல் அதிர்வெண்களைக் கெடுக்கும் கசிவுத் தூண்டலும் அதே இருமடியாகவே வளர்கிறது. முதன்மைச் சுருளில் எழும் காந்தப்பாயம் முழுவதும் துணைச் சுருளைத் தழுவுவதில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஓடிக் கழியும் பகுதி, சுமையோடு தொடராக நிற்கும் தூண்டலாகச் செயல்பட்டு உயர் அதிர்வெண்களை மறிக்கிறது. நம் எடுத்துக்காட்டில் முதன்மைச் சுருள் முழுவதையும் கீழே சுற்றி, அதன்மேல் துணைச் சுருளைச் சுற்றினால் கசிவுத் தூண்டல் ஏறத்தாழ 110 மில்லிஹென்றி என்று கணக்கு சொல்கிறது. சுமையும் மூலத்தடையும் சேர்ந்த 12,000 ஓமுடன் இது 17 கிலோஹெர்ட்ஸிலேயே மூன்று டெசிபல் இழப்பை ஏற்படுத்தும். கேட்கும் எல்லைக்கு அருகில்தானே இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது. பின்னூட்டம் கொடுக்கும்போது ஆம்பிளிஃபயர் அலைவுறாமல் இருக்க, அதைப் போல் பல மடங்கு உயரம் வரை மின்மாற்றி ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் அடுக்கு முறை உள்ளே வருகிறது. முதன்மைச் சுருளை இரண்டாகப் பிரித்து நடுவில் துணைச் சுருளை வைத்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும் முகங்கள் இரண்டாகின்றன. கசிவுத் தூண்டல் நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது. மூன்று முதன்மைப் பகுதிகளுக்கிடையே இரண்டு துணைப் பகுதிகளைச் செருகினால் முகங்கள் நான்கு. கசிவுத் தூண்டல் பதினாறில் ஒரு பங்கை நோக்கிக் குறைகிறது. பங்கு அப்படியே கிடைக்காமல் போவதற்குக் காரணம், ஒவ்வொரு முகத்திலும் வைக்க வேண்டிய காப்புத் தாளின் தடிமன். 0.3 மில்லிமீட்டர் காப்பு வைத்தால், மேலே சொன்ன 110 மில்லிஹென்றி முதலில் 30 ஆகவும் பிறகு 9 ஆகவும் குறைகிறது. ஒரு நுட்பம் உண்டு: பகுதிகளைச் சமமாகப் பிரிக்கக் கூடாது. இரண்டு துணைப் பகுதிகளுக்கு நடுவில் இருக்கும் முதன்மைப் பகுதி இருபுறமும் முகம் காட்டுகிறது. அடியிலும் மேலும் உள்ளவை ஒருபுறம் மட்டுமே காட்டுகின்றன. ஆகவே 2,400 சுற்றை 600, 1,200, 600 என்று பிரிப்பதே முறை. துணைப் பகுதி ஒவ்வொன்றும் 76 சுற்று. இரண்டையும் இணையாகச் சேர்க்க வேண்டும்.

இந்த எண்கள் பாபினிலும் அடங்குகின்றன. 35 கேஜ் எனாமல் கம்பியில் ஓர் அடுக்குக்கு 150 சுற்று. 600 என்பது நான்கு அடுக்கு, 1,200 என்பது எட்டு அடுக்கு. துணைச் சுருளுக்கு 20 கேஜ் கம்பியில் அடுக்குக்கு 38 சுற்றாக இரண்டு அடுக்கு. அடுக்கு பாதியில் நிற்கக் கூடாது என்பது கையால் சுற்றுவோர் விடாப்பிடியாகக் கொள்ள வேண்டிய விதி. பாதியில் நின்ற அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு மேடுபள்ளமாக விழுந்து, கணக்கில் இல்லாத இடைவெளிகளை உண்டாக்கும். எனவே சூத்திரம் 2,370 என்று சொன்னாலும், அடுக்கு நிறையும் 2,400-ஐ எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

பகுதிகளைப் பெருக்கிக்கொண்டே போனால் என்ன என்று கேட்கலாம். ஒவ்வொரு முகமும் ஒரு மின்தேக்கி. நம் அளவுகளில், 0.3 மில்லிமீட்டர் காப்போடு எதிரெதிரே நிற்கும் இரண்டு அடுக்குகள் ஏறத்தாழ 600 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் கொண்டவை. துணைச் சுருள் புவியோடு இணைந்திருப்பதால் இந்த மின்தேக்கிகள் உயர் அதிர்வெண்களை வடித்துவிடும். ஆனால் அவற்றின் பாதிப்பு, அந்த முகத்தில் நிற்கும் சமிக்ஞை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. சுற்றுபவரின் விவேகத்துக்கு இடம் கிடைப்பது இங்கேதான். அனோடுக்குப் போகும் முனைகளை அடியிலுள்ள பகுதியின் உட்புறத்திலும் மேல் பகுதியின் வெளிப்புறத்திலும் வைத்தால், துணைச் சுருளைப் பார்க்கும் முதன்மை அடுக்குகளில் அனோடு மின்னழுத்தத்தின் பாதிதான் இருக்கும். நான்கு முகங்களும் சேர்ந்து முதன்மைச் சுருளின் குறுக்கே 150 பிக்கோஃபாரட் போலத்தான் தோன்றும். அதே சுருளில் ஒரு பகுதியைத் தலைகீழாக இணைத்து அனோடு முனையைத் துணைச் சுருளின் பக்கம் கொண்டுவந்தால், அந்த முகத்தின் பங்கு நான்கு மடங்காகிவிடும். சுற்று எண்ணிக்கை மாறவில்லை, கம்பி மாறவில்லை, எடை மாறவில்லை. மின்மாற்றி மட்டும் மாறிவிடுகிறது.

இந்தப் போராட்டம் எந்த அளவுக்குப் போகக்கூடும் என்பதற்கு 1947-ஆம் ஆண்டை விட நல்ல சான்று இல்லை. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் பிரிட்டனின் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் டி. டி. என். வில்லியம்சன் வெளியிட்ட ஆம்பிளிஃபயர் வடிவமைப்பு, டிரையோடாக இணைக்கப்பட்ட இரண்டு கேடி66 வால்வுகளைக் கொண்டது. வெளியீட்டு மின்மாற்றியையும் உள்ளடக்கி 20 டெசிபல் பின்னூட்டம் தருவதே அதன் புதுமை. அதற்கு அவர் மின்மாற்றியிடம் கேட்டது கடுமையானது: முதன்மைச் சுருளின் தன்மின்தூண்டல் 100 ஹென்றிக்குக் குறையக் கூடாது, கசிவுத் தூண்டல் 30 மில்லிஹென்றியைத் தாண்டக் கூடாது. இரண்டுக்கும் உள்ள விகிதம் 3,300-ஐத் தாண்டுகிறது. அதை எட்ட அவர் முதன்மைச் சுருளைப் பத்துப் பகுதிகளாகவும் துணைச் சுருளை எட்டுப் பகுதிகளாகவும் பிரித்து, ஒரே மாதிரியான இரண்டு பாபின்களில் சுற்றி, அவற்றை ஒரே உள்ளகத்தில் அருகருகே வைத்தார். புஷ்-புல் இணைப்பின் இரு பாதிகளும் மின்தடையிலும் மின்தேக்குத்திறனிலும் ஒன்றாக இருப்பதற்கு இந்த இரட்டைப் பாபின் முறை உதவியது. ஒற்றைப் பாபினில் மேலே வரும் சுற்றுகளின் நீளம் கூடுதல் என்பதால் இரு பாதிகளின் மின்தடை ஒன்றாக அமையாது. இதழில் அளவுகள் முழுமையாகத் தரப்பட்டிருந்ததால் உலகெங்கும் ஆர்வலர்கள் அதைத் தாமே சுற்றிப் பார்த்தனர். இன்று அச்சுற்றமைப்பின் மற்றப் பகுதிகளைச் சில மணி நேரத்தில் கட்டிவிடலாம். பதினெட்டுப் பகுதிகளைப் பிழையின்றி அடுக்குவது அப்போதைப் போலவே இப்போதும் பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

எல்லா ஒலி மின்மாற்றிக்கும் இத்தனை பாடு தேவையில்லை. கோயில் திருவிழாக்களில் கூம்பு ஒலிபெருக்கியின் பின்னே பொருத்தப்படும் 100 வோல்ட் லைன் மின்மாற்றிக்கு, கூம்பே கடத்தாத அதிர்வெண்களைக் கடத்தும் கட்டாயம் கிடையாது. சாதாரணச் சுற்றல் போதும்.

ஒற்றை வால்வு ஆம்பிளிஃபயரில் நிலைமை வேறு. அங்கே வால்வின் நேர்மின்னோட்டம் முழுவதும் ஒரே திசையில் முதன்மைச் சுருளில் ஓடி, இரும்பை ஒரு பக்கமாகக் காந்தமாக்கி வைத்துவிடும். புஷ்-புல்லில் இரு பாதிகளின் நேர்மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் E, I வடிவத் தகடுகளை மாறிமாறிச் செருகலாம். ஒற்றை வால்வுக்கோ E தகடுகளை எல்லாம் ஒரு பக்கமும் I தகடுகளை மறு பக்கமும் அடுக்கி, நடுவில் மெல்லிய தாள் வைத்துக் காற்றிடைவெளி விட வேண்டும். இதனால் தன்மின்தூண்டல் பெரிதும் குறையும். ஈடுகட்ட உள்ளகம் பெரிதாகும். தகடு வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பட்டறையில் சிஆர்ஜிஓ என்று கேட்டு வாங்கும் திசைப்படுத்திய எஃகின் சிறப்பு, உருட்டப்பட்ட திசையில் மட்டுமே முழுமையாகக் கிடைக்கும். E வடிவத்தில் வெட்டிய தகட்டின் மூன்று தண்டுகளும் அந்தத் திசையில் அமைந்தால், அவற்றை இணைக்கும் முதுகு குறுக்குத் திசையில் அமைந்துவிடுகிறது. பழைய தகடுகளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. வளைந்தவற்றையும் விளிம்பில் பிசிறு உள்ளவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும்.

சுற்றும் வேலையில் சொல்லித் தரக்கூடியது கொஞ்சம்தான். கைப்பிடி வைத்த சுற்றும் எந்திரமும், நம்பக்கூடிய கவுண்டரும், கம்பிச் சுருளுக்கு மென்மையான பிரேக்கும் போதுமானவை. மெல்லிய கம்பியை விரல்களுக்கிடையே விட்டு இழுவிசையைச் சீராக வைக்க வேண்டும். மிகுந்தால் கம்பி நீண்டு மெலியும், குறைந்தால் அடுக்கு தளர்ந்து, பின்னாளில் ஒலியோடு சேர்ந்து மின்மாற்றியே பாடத் தொடங்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் மேல் ஒரு மெல்லிய தாள். இரு விளிம்பிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெற்றிடம். விளிம்புச் சுற்று ஒன்று நழுவிக் கீழடுக்குக்குள் விழுந்தால், பல அடுக்குகளின் மின்னழுத்தம் ஓரிடத்தில் கூடிவிடும். முதன்மைக்கும் துணைக்கும் நடுவிலுள்ள காப்பில் சிக்கனம் கூடவே கூடாது: முதன்மைச் சுருள் முழுவதும் 300 வோல்ட் அளவிலான நேர்மின்னழுத்தத்தில் நிற்கிறது, துணைச் சுருளிலிருந்து வரும் கம்பியை மனிதர்கள் தொடுவார்கள். வார்னிஷில் ஊறவைக்கும் பழக்கம் மோட்டாருக்கு ஏற்றது. ஒலி மின்மாற்றிக்கு நான் உருக்கிய மெழுகையே விரும்புவேன். மெழுகின் மின்காப்பு மாறிலி வார்னிஷினுடையதை விடக் குறைவு. பாடுபட்டுக் குறைத்த மின்தேக்குத்திறனை அது அதிகம் கூட்டுவதில்லை. சூடேறும் பெரிய மின்மாற்றிக்கு மட்டும் மெழுகு ஒத்துவராது.

இனிக் காப்புறை. வெளியீட்டு மின்மாற்றியில் சமிக்ஞை பல வோல்ட்டுகளில் இருப்பதால் வெளிப்புலங்களுக்கு அது எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. மைக்ரோஃபோன் மின்மாற்றியின் நிலை அப்படியன்று. 200 ஓம் மைக்ரோஃபோன் தரும் ஒரு மில்லிவோல்ட் அளவிலான சமிக்ஞையை ஒன்றுக்குப் பத்து என்று உயர்த்தும் மின்மாற்றியின் துணைச் சுருளில் 2,000 சுற்று இருப்பதாகவும், அருகிலுள்ள மின்வழங்கியிலிருந்து ஒரு மைக்ரோடெஸ்லா 50 ஹெர்ட்ஸ் புலம் அங்கே வருவதாகவும் கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு, உள்ளகம் இல்லாத நிலையிலேயே 63 மைக்ரோவோல்ட் தூண்டப்படும். உள்ளகம் சுற்றியுள்ள புலத்தைத் தன்னிடம் ஈர்ப்பதால் மெய்யான அளவு அதைப் போல் பல மடங்கு. அமைதியான பாடலின் அடியில் கேட்கும் உறுமல் பெரும்பாலும் இதுதான்.

உள்ளே நுழையும் தொல்லை இரு வகைப்படும். இரண்டுக்கும் மருந்து வேறு. முதல் வகை மின்புலத்தின் வழியே வருவது. நீண்ட மைக்ரோஃபோன் கேபிளின் இரு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறும் இரைச்சலை மின்மாற்றி கடத்தக் கூடாது. அதுதான் சமனிலை இணைப்பின் பயன். ஆனால் முதன்மைக்கும் துணைக்கும் நடுவே 200 பிக்கோஃபாரட் இருந்தால், 50 ஹெர்ட்ஸில் அது 1.6 கோடி ஓம் போல அசையாமல் நின்றாலும், 10 கிலோஹெர்ட்ஸில் 80,000 ஓமாக இளகி, விளக்கு டிம்மர்களும் ஸ்விட்சிங் மின்வழங்கிகளும் கிளப்பும் கரகரப்புக்கு வழி திறக்கிறது. இதற்கு இரண்டு சுருள்களுக்கும் நடுவில் ஒரு சுற்று மெல்லிய தாமிரத் தகட்டை வைத்துப் புவியில் இணைக்க வேண்டும். அந்தத் தகட்டின் இரு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். ஆனால் ஒன்றையொன்று தொடக் கூடாது, நடுவில் தாள் இருந்தே ஆக வேண்டும். தொட்டுவிட்டால் அது குறுக்கிணைந்த (ஷார்ட் ஆன) ஒற்றைச் சுற்றாகி, மின்மாற்றியின் சமிக்ஞை முழுவதையும் விழுங்கிவிடும். திரை சேர்ந்தால் இரு சுருள்களும் சற்று விலகும், கசிவுத் தூண்டல் கூடும், புவிக்கான மின்தேக்குத்திறனும் கூடும். ஆகவே திரையின் தடிமனை முதற்கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டுப் பிறகு செருகிய திரைகள் மேல் அதிர்வெண்களைக் கெடுப்பது வழக்கமான கதை.

இரண்டாம் வகை காந்தப்புலம். அதைத் தாமிர உறையால் தடுக்க முயல்வது வீண். 50 ஹெர்ட்ஸில் தாமிரத்தின் புறணி ஆழம் (புலம் உள்ளே நுழைந்து மெலியும் ஆழம்) 9 மில்லிமீட்டருக்கும் மேல். மெல்லிய தகடு அந்தப் புலத்துக்கு இருப்பதே தெரியாது. அதே தாமிரம் 1 மெகாஹெர்ட்ஸில் மில்லிமீட்டரின் பதினைந்தில் ஒரு பங்கிலேயே புலத்தை அடக்கிவிடும் என்பதால் வானொலிச் சமிக்ஞைகளுக்கு எதிராக மட்டும் அது நல்ல காவல். குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. அதற்கு எளிதான வேறு பாதையைக் காட்டித் திருப்பிவிடலாம். அந்தப் பாதையாக அமைவதுதான் மியூமெட்டல். 1923-இல் லண்டனில், கடலடித் தந்திக் கேபிள்களின் செப்புக் கம்பியைச் சுற்றிப் பொதிந்து சமிக்ஞையின் வேகத்தைக் கூட்டுவதற்காக வில்லோபி ஸ்மித், ஹென்றி கார்னெட் ஆகிய இருவரும் உருவாக்கிய கலவை அது. ஏறத்தாழ 77 விழுக்காடு நிக்கல், எஞ்சியதில் பெரும்பகுதி இரும்பு, சிறிதளவு தாமிரமும் குரோமியமும். உருளை வடிவ உறையின் காக்கும் திறனை, உட்புகுதிறனைத் தடிமனால் பெருக்கி விட்டத்தால் வகுத்துத் தோராயமாக மதிப்பிடலாம். உட்புகுதிறன் 20,000, தடிமன் அரை மில்லிமீட்டர், விட்டம் 40 மில்லிமீட்டர் என்றால் புலம் 250-இல் ஒரு பங்காகும். மூடியின் பொருத்து, கம்பி வெளிவரும் துளை ஆகியவற்றால் நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது. ஒப்பிட்டுப் பார்த்தால், உட்புகுதிறன் 200 உள்ள சாதாரண இரும்பில் அதே அளவு உறை புலத்தைப் பாதியாக்கினாலே பெரிது.

மியூமெட்டலின் குணம் அதன் உலோகக் கலவையால் மட்டும் வருவதன்று. வடிவம் கொடுத்த பிறகு ஹைட்ரஜன் சூழலில் 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் பல மணி நேரம் பதப்படுத்துவதால் வருவது. பதப்படுத்திய தகட்டை வளைத்தாலோ, துளையிட்டாலோ, கீழே போட்டாலோ அந்தப் பயனில் பெரும்பகுதி போய்விடும். தகடு வாங்கிவந்து மேசை விளிம்பில் மடித்து உறை செய்வதைவிட, ஆயத்தமாகப் பதப்படுத்திய கிண்ண வடிவ உறையை முதலில் வாங்கி, அதற்குள் அடங்கும்படி மின்மாற்றியை வடிவமைப்பதே கையால் செய்வோருக்கு ஏற்ற ஒழுங்கு. இன்னொரு பலவீனமும் அதற்கு உண்டு: 0.8 டெஸ்லாவை ஒட்டியே தெவிட்டிவிடும். வலிய புலத்துக்கு நடுவில் வைக்க நேர்ந்தால் வெளியே இரும்பு உறை, உள்ளே மியூமெட்டல் உறை, இரண்டுக்கும் நடுவில் தாமிரம் என்று அடுக்குவார்கள். வெளியுறை புலத்தின் முரட்டுப் பகுதியை ஏற்றுக்கொள்ள, உள்ளுறை தெவிட்டாமல் எஞ்சியதை வாங்கிக்கொள்கிறது.

உறையைத் தொடும் முன்பே சுருளுக்குள் செய்யக்கூடிய காவல் ஒன்று இருக்கிறது. உள்ளகத்தின் இரண்டு தண்டுகளில் இரண்டு சம பாபின்களை வைத்து, உள்ளகத்தில் சுழலும் சமிக்ஞைப் பாயத்துக்கு அவற்றின் மின்னழுத்தங்கள் கூடும்படி இணைத்தால், வெளியிலிருந்து இரண்டு தண்டுகளிலும் ஒரே திசையில் புகும் புலத்துக்கு அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செலவில்லாத இந்த உத்தி, நடுத்தண்டில் ஒற்றைப் பாபின் வைத்து அதன்மேல் விலையுயர்ந்த உறை போடுவதைவிடப் பல வேளைகளில் சிறந்தது. மின்வழங்கி மின்மாற்றியைப் பொறுத்தவரை, சுருளையும் வெளித்தண்டுகளையும் சேர்த்து வெளியே ஓர் அகலமான தாமிரப் பட்டை கட்டி அதன் முனைகளைப் பற்றவைப்பது வழக்கம். இங்கே குறுக்கிணைப்பு வேண்டும் என்றே செய்யப்படுகிறது. உள்ளகத்துக்குள் ஓடும் பாயம் பட்டைக்குள்ளேயே போய்த் திரும்பிவிடுவதால் அதைப் பட்டை தொடுவதில்லை, வெளியே கசியும் பாயத்தை மட்டும் எதிர்க்கிறது.

எல்லாவற்றுக்கும் மலிவான காப்பு தொலைவும் திசையும். ஆம்பிளிஃபயரின் அடித்தட்டில் துளையிடும் முன், மின்வழங்கி மின்மாற்றிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, வேறெதனோடும் இணைக்காத வெளியீட்டு மின்மாற்றியின் துணைச் சுருளில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அதை மெல்ல நகர்த்தியும் திருப்பியும் கேட்டால், உறுமல் மறையும் ஓர் இடமும் ஒரு கோணமும் கிடைக்கும். இரண்டு சுருள்களின் அச்சுகளும் செங்குத்தாக நிற்கும் நிலைக்கு அருகில்தான் அது பெரும்பாலும் அமையும். ஆனாலும் கணக்கை நம்பாமல் காதை நம்ப வேண்டிய இடம் இது. அடித்தட்டு இரும்பாக இருந்தால் அதுவே பாயத்தைக் கடத்திக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். அலுமினியம் அந்தத் தொல்லையைத் தராது.

சுற்றி முடித்ததைச் சோதிப்பதில் வெளியீட்டு மின்மாற்றிக்குத் துணைச் சுருளின் இரு முனைகளையும் குறுக்கிணைத்து முதன்மையில் அளந்தால் கசிவுத் தூண்டல் தெரியும். திறந்து விட்டு அளந்தால் தன்மின்தூண்டல் தெரியும். எல்சிஆர் மீட்டர் காட்டும் தன்மின்தூண்டல் மிகச் சிறிய சமிக்ஞைக்கு உரியது என்பதால், அந்த எண் கணக்கைவிடக் குறைந்தால் உடனே சுருளைப் பிரிக்க வேண்டியதில்லை. முதன்மைக்கும் துணைக்கும் உள்ளகத்துக்கும் இடையே மெக்கர் வைத்துக் காப்பைச் சோதிக்காமல் உயர் மின்னழுத்தத்தில் இணைக்கக் கூடாது. இணைத்த பிறகு ஒலிபெருக்கியோ அதற்கு ஈடான மின்தடையோ இல்லாமல் சமிக்ஞை கொடுக்கவும் கூடாது, சுமையற்ற முதன்மைச் சுருளில் எழும் மின்னழுத்தம் அரும்பாடுபட்டு வைத்த காப்பைத் துளைத்துவிடும். நிக்கல் உள்ளகம் கொண்ட மைக்ரோஃபோன் மின்மாற்றிக்கு வேறொரு எச்சரிக்கை உண்டு. சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரின் ஓம் வரம்பை வைத்தால், மீட்டர் செலுத்தும் சிறிய நேர்மின்னோட்டமே உள்ளகத்தைக் காந்தமாக்கிவிடப் போதும். அதன்பின் தன்மின்தூண்டல் குறைந்து ஒலியில் திரிபு கூடும். அப்படி நேர்ந்துவிட்டால், குறைந்த அதிர்வெண் மாறுமின்னோட்டத்தை உள்ளகம் தெவிட்டும் அளவுக்குக் கொடுத்து, அதைச் சிறிது சிறிதாகச் சுழியம் வரை குறைத்துக்கொண்டே வந்தால் உள்ளகம் பழைய நிலைக்குத் திரும்பும்; நடுவில் மின்னோட்டத்தைப் பட்டென்று நிறுத்திவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.